பதினொரு கரண்டிக் குரக்கன் மா

உலகத்தில் உள்ள தராசுகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் வெள்ளவத்தைக் கடலில் கொட்டிவிட்டு, ஒரேயொரு மேசைக்கரண்டியை வைத்தே இந்த நாட்டை நடத்திக் காட்டலாம் என்று நம்புகிற மனிதர் ஒருவர் இருக்கிறார். எங்கள் தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வசிக்கும் கரண்டியர்தான் அவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. அது தண்ணீர்க் கட்டணத் துண்டில் மட்டும்தான் வரும். மற்றபடி வாசல் காவலாளி முதல் சைக்கிளில் வரும் மீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் கரண்டியர். எந்தப் பட்டப்பெயருக்கும் பின்னால் ஒரு 'அர்' போட்டுவிட்டால் மரியாதைக்குக் குறைவில்லை என்பது யாழ்ப்பாணத்தாரின் நம்பிக்கை. எங்கள் தொடர்மாடியில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்தார்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனை குத்துகிற இடத்தில் அவர் கரண்டி குத்தியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்குப் பூசை காணப் போகும்போதும் அது இருக்கும். அவர் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். துறைமுகத்தில் லொறிகளை நிறுக்கும் மேடையில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். மகன் அவுஸ்திரேலியாவுக்குப் போக முன்னர் வெள்ளவத்தையில் ஒரு வீட்டை வாங்கி, தகப்பனை அதில் இருத்திவிட்டுப் போய்விட்டான்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள சிங்கள முதலாளியின் பலசரக்குக் கடையில். "முதலாளி, சீனி ஹெந்தி விஸ்ஸக் தென்ன" என்றார். அதாவது, சீனி இருபது கரண்டி தாருங்கள். முதலாளியின் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. கால் கிலோவை நிறுத்துச் சுற்றிக் கொடுத்தார். அவருக்குப் பழகிப்போயிருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

லிப்டில் ஏறும்போது கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணை, நேரா கால் கிலோ எண்டு கேக்கலாமே?"

"ஐசே, நீங்க துறைமுகத்தில நிண்டு பார்க்கயில்ல. ஒரே லொறி, ஒரே சரக்கு. காலம நிறுத்தா ஒரு நிறை. மத்தியானம் நிறுத்தா வேற. மழை பெஞ்சா அது மூண்டாவது. டிரைவர் உள்ளுக்க நித்திரை கொண்டா நாலாவது. முப்பது வருசம் பார்த்தனான். நிறை எண்டது தராசின்ட அபிப்பிராயம், ஐசே!"

"அப்ப கரண்டி?"

"கரண்டிக்கு அபிப்பிராயம் இல்ல. நிரப்பு, கத்தியால மட்டமாத் தட்டு. முடிஞ்சுது கதை."

எங்கள் தொடர்மாடிப் பெண்களுக்கு இந்த மனிதர் கடவுள் அனுப்பிய ஆள். போனில் பார்க்கிற சமையல் குறிப்பு எல்லாம் கிராமில்தான் வரும். மாஜரின் இருநூற்றிருபத்தைந்து கிராம், ரவை நூற்றெழுபத்தைந்து கிராம். யார் வீட்டுக் குசினியில் தராசு இருக்கிறது? ஐந்தாம் மாடிக்கு ஓடுவார்கள். கரண்டியர் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை விரித்து எல்லாவற்றையும் கரண்டியாக்கிக் கொடுப்பார். ஆனால் ஒரு நிபந்தனை. "உங்க வீட்டுக் கரண்டியைக் கொண்டு வாங்க. அதைப் பார்க்காம நான் கணக்கு சொல்ல மாட்டன். கரண்டிக்குக் கரண்டி குழி வேற."

கொண்டுவந்த கரண்டியைச் சோதித்து, அதன் காம்பில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரைச் சுற்றி, அதில் பேனையால் எழுதுவார்: மா 8, சீனி 12, உப்பு இவ்வளவு. எங்கள் தொடர்மாடியில் இருபத்தொரு வீட்டுக் கரண்டிகள் அடிபட்ட விரல்கள் மாதிரி பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு கிடந்தன. பிளாஸ்டர் ஒட்டாத ஒரேயொரு வீடு என்னுடையது.

காரணம் வேறொன்றுமில்லை, என் தலைக்கனம். நான் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன். விகிதமும் அலகு மாற்றமும் என் இரண்டு கைகள். துறைமுகத்துக் கிளாக்கர் ஒருவர் வந்து எனக்குக் கிராம் விளங்கப்படுத்துவதா? "எனக்குத் தேவையில்லை அண்ணை, நான் மனக்கணக்கிலேயே போடுவன்" என்று சொல்லி அவரை வாசலோடு அனுப்பினேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இந்த மனக்கணக்குப் புலிக்குத்தான் போன வருடம் வந்தது சோதனை.

ரொறன்ரோவில் இருக்கும் என் ஒரே மகள் முதல் பிள்ளைக்குத் தாயாகப் போகிறாள் என்று சேதி வந்தது. எனக்கும் மனைவிக்கும் விசா கிடைத்துவிட்டது. மனைவி முதலில் போவதென்றும், பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு நான் போய்ச் சேருவதென்றும் ஏற்பாடு. மனைவியை விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், களுபோவிலவில் நான் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் அம்மா இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் துண்டைப் பார்த்தார்.

"மாஸ்டர், சீனி இருநூற்றெண்பது. இதோட இருபது மணித்தியாலம் பறக்க நான் கடிதம் தர மாட்டேன்."

"பேரப்பிள்ளை பிறக்கப் போகுது டாக்டர்."

"மூன்று மாதம் இருக்குத்தானே? நூற்றைம்பதுக்குக் கீழே கொண்டு வாங்க. அன்றைக்கே கடிதம் எழுதித் தாறன்."

கூடவே ஒரு தாளும் தந்தார். காலையில் குரக்கன் மா, அதாவது கேழ்வரகு மா, அறுபது கிராம். மத்தியானம் சிவப்பரிசி எழுபத்தைந்து கிராம், பருப்பு முப்பது கிராம். இரவுக்கும் அப்படி ஒரு பட்டியல். இதுதான் என் கனடா டிக்கெட்.

வீட்டில் தராசு இல்லை. உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒன்றரை நாள் எடுத்தது. ஆனால் கணிதம் இருந்ததே! ஒரு மேசைக்கரண்டி பதினைந்து மில்லிலீற்றர். பதினைந்து மில்லிலீற்றர் என்றால் பதினைந்து கிராம். அறுபதைப் பதினைந்தால் பிரித்தால் நான்கு. நான்கு கரண்டி குரக்கன் மா. விடை சரி, கீழே இரண்டு கோடு. அரை நிமிடத்தில் முடிந்த கணக்கு.

நான்கு கரண்டி மாவில் பிட்டு அவித்தேன். நீத்துப்பெட்டியைத் திறந்தால், அடியில் ஒரு சிறங்கை அளவு ஏதோ கிடந்தது. இதுதான் விஞ்ஞானம் போலும் என்று நினைத்துச் சாப்பிட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கை நடுங்கியது. பத்து மணிக்குச் சுவரில் தொங்கிய கலண்டரில் இருந்த மாம்பழப் படம் என்னைப் பார்த்துச் சிரித்தது. பத்தரைக்கு நான் காலி நகருக்குப் போகும் காலி வீதியில், ஒரு பேக்கரியில் நின்றேன்.

ஒரு ரோல்ஸ்தான். ஒன்றில் என்ன இருக்கிறது? மறுநாள் ஒரு ரோல்ஸும் ஒரு பற்றீஸும். அதற்கு மறுநாள், ரோல்ஸ் காய்ந்து தொண்டையில் நிற்கிறதே என்று ஒரு பால் தேத்தண்ணி. ஆனால் வாசகர்களே, தாளில் உள்ளதை நான் ஒருநாளும் மீறவில்லை! நான்கு கரண்டியை நான்காகத்தான் போட்டேன். பேக்கரி தாளில் இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை.

மனைவி காலையில் போன் எடுப்பாள். "இஞ்சேருங்கோ, சாப்பிட்டியளே?"

"ஓம் ஓம். அளந்து சாப்பிட்டனான்."

"நம்பலாமோ?"

"கணித வாத்தியைப் பாத்துக் கேக்கிற கேள்வியே இது?"

ஒரு மாதம் கழித்துப் பரிசோதித்தால் சீனி முந்நூற்றிருபது. டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, மகளின் பிள்ளையை எல்லோரும் தூக்கி முடித்த பிறகு நான் போனில்தான் பார்க்கப் போகிறேனா என்று நினைத்தேன். அந்தத் துக்கத்தைத் தாங்க முடியாமல் நேரே பேக்கரிக்குப் போனேன்.

இரண்டாவது ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் பாண் வாங்க வந்து நின்றார் கரண்டியர்.

"என்ன ஐசே, மூஞ்சி செத்த வீடு மாதிரி இருக்கு, வாய் கல்யாண வீடு மாதிரி ஆடுது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயில் ரோல்ஸ் இருந்ததால் அழவும் முடியவில்லை. அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன். பேரப்பிள்ளை, கடிதம், நூற்றைம்பது, முந்நூற்றிருபது.

அவர் சிரிக்கவில்லை. "காலம என்ன சாப்பிடுறீங்க? சரியாச் சொல்லுங்க."

"நாலு கரண்டி குரக்கன் மாவில பிட்டு."

"எந்தக் கரண்டி?"

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, குழியைப் பெருவிரலால் தடவினார். டாக்டர் அம்மாவின் முகத்தில் பார்த்த அதே பார்வை.

"யேசுவே! இது மேசைக்கரண்டி இல்ல ஐசே. இது சோறு சாப்பிடுற டெசர்ட் ஸ்பூன். மேசைக்கரண்டியில மூண்டில ரெண்டு பங்குதான் கொள்ளும். அது போகட்டும். பதினஞ்சு மில்லி மா பதினஞ்சு கிராம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"தண்ணிக்கு அப்பிடித்தானே..."

"மா என்ன தண்ணியா?"

வாசகர்களே, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனச்சாட்சி விடாது. ஒரு கிலோ இரும்பு பாரமா, ஒரு கிலோ பஞ்சு பாரமா என்று ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்பில் கேட்பவன் நான். இரும்பு என்று சொல்கிற பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, "மண்டைக்குள்ள என்ன, களிமண்ணோ?" என்று சிரிப்பவன். முப்பத்திரண்டு வருடம். எத்தனை பிள்ளைகள்! அவர்களில் ஒருவராவது அன்றைக்கு என் குசினிக்குள் வந்திருந்தால் என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருப்பார்.

கரண்டியர் என் கரண்டியையும் மா டப்பாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு காலி வீதியில் ஒரு நகைக் கடைக்குப் போனார். அவர் உலகத்தில் நம்புகிற ஒரே தராசு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"தராசை நம்ப மாட்டன் எண்டீங்கள்?"

"நகைக் கடைத் தராசு வேற. வாங்க வாற பொம்பளைங்க கண் வெட்டாமப் பார்த்துக்கொண்டிருப்பாங்க. அந்தப் பயத்தில அது உண்மை சொல்லும்."

கடைக்கார ஐயா பெருமூச்சு விட்டார். இது முதல் தடவை இல்லை என்று அந்தப் பெருமூச்சில் தெரிந்தது. "குரக்கன் எண்டாச் சரி. மிளகாய்த்தூள் மட்டும் வேண்டாம். போன முறை நான் தும்மி ஒரு மூக்குத்தி இன்னும் கிடைக்கேல்லை."

என் கரண்டியில் மட்டமாகத் தட்டிய குரக்கன் மா ஐந்தரைக் கிராம். நான்கு கரண்டி இருபத்திரண்டு கிராம்.

"அறுபதுக்கு இருபத்திரண்டு!" கரண்டியர் தலையில் கை வைத்தார். "ஐசே, இதைப் போட்டாக் கோழிக்குஞ்சும் கோவிச்சுக்கொண்டு போயிடும். பட்டினி கிடந்த மனுசன் பேக்கரிக்குப் போகாம வேற எங்க போவான்? உங்களுக்கு வருத்தம் சீனி இல்ல, கணக்கு!"

நல்லதொரு மேசைக்கரண்டி வாங்கினால் அறுபது கிராமுக்கு ஏழரைக் கரண்டி வரும் என்று அவர் சொன்னார். எனக்கு ஏழரை என்ற சொல்லைக் கேட்டாலே உதறும். சனி பகவான் ஏற்கனவே என் குசினியில்தான் நிற்கிறார். "வேண்டாம் அண்ணை, என்ர கரண்டியே இருக்கட்டும். பதினொண்டாப் போடுவம்" என்றேன். மாதா கோயிலுக்குப் போகிற அந்த வேதக்கார மனிதருக்கு ஏழரையில் என்ன பிழை என்று கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் பிளாஸ்டரை எடுத்து என் கரண்டியின் காம்பில் சுற்றி, மா ஐந்தரை என்று எழுதினார். இருபத்திரண்டாவது வீடும் விழுந்தது.

அன்று தொடக்கம் தினமும் காலை ஏழு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் கத்தி. நான் அள்ளுவேன், அவர் மட்டம் தட்டுவார். "குவிச்சு அள்ளாதீங்க! குவிச்சா அது கரண்டி இல்ல, கோபுரம்." பதினொரு கரண்டிப் பிட்டு சாப்பிட்ட முதல் நாள், பத்தரை மணி ஆனதே எனக்குத் தெரியவில்லை. கலண்டர் மாம்பழமும் பேசாமல் இருந்தது.

இதற்கிடையில் கரண்டியருக்கு ஒரு யோசனை உதித்தது. ஒவ்வொரு சரக்கிலும் சரியாக நிறுத்த ஒரு பொட்டலம் கையில் இருந்தால், எந்த வீட்டுக் கரண்டியையும் அங்கேயே சோதித்துவிடலாமாம். காலி வீதி நகைக் கடை ஐயா இனி முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆகவே ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கம் போய், அவருடைய பழைய கூட்டாளி ஒருவரின் நகைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்துக் கட்டினோம். கோதுமை மா, அப்பச் சோடா, பால்மா, குரக்கன், உப்பு, சீனி. பன்னிரண்டு சின்னக் கடதாசிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் எட்டுக் கிராம், ஆறு கிராம் என்று என் அழகான வாத்தி எழுத்து. "நீங்கதான் பார்க்க மரியாதையான ஆள் மாதிரி இருக்கிறீங்க" என்று சொல்லிப் பையை என் கழுத்தில் மாட்டினார்.

திரும்பி வரும் வழியில் பொலிஸ் எங்கள் ஆட்டோவை மறித்தது.

இன்ஸ்பெக்டர் என் பையைத் திறந்தார். வெள்ளைத் தூள். இன்னும் கொஞ்சம் வெள்ளைத் தூள். மண்ணிறத் தூள். அவருடைய முகம் மாறியது. "மே மொனவாத?" என்றார். இதெல்லாம் என்ன என்று கேட்கிறார். நாற்பது வருடம் கொழும்பில் இருந்து நான் சேர்த்த சிங்களம் முழுவதும் காக்கிச் சட்டையைக் கண்டதும் கடல் பக்கம் ஓடிவிட்டது. அவர் என்ன என்று கேட்க, நான் எவ்வளவு என்று பதில் சொன்னேன். "எட்டுக் கிராம், சேர். அது ஆறு கிராம், சேர்." ஒரு புள்ளியும் பிசகாமல் சொன்னேன்.

கரண்டியர் பதறவே இல்லை. சட்டைப் பையிலிருந்து கரண்டியை உருவி, ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார். உப்புக்கு முகத்தைச் சுளித்தார். சீனிக்குச் சிரித்தார். பிறகு நல்ல துறைமுகச் சிங்களத்தில் என் சீனி வருத்தம், டாக்டரின் கடிதம், கனடாவில் பிறக்கப் போகும் பிள்ளை, என் மண்டைக்குள் இருக்கும் களிமண் எல்லாவற்றையும் விளக்கினார். நான் அதற்குள் வியர்த்து, கண் இருண்டு, மதகில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ சீனி இறங்கிவிட்டது என்று ஒரு கொன்ஸ்டபிள் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கி வந்து என் வாயில் ஊற்றினார். பாகு மாதிரித் தித்தித்தது. உண்மையில் சீனி இறங்கவில்லை, பயத்தில் தைரியம் மட்டும்தான் இறங்கியது. ஆனால் பொலிஸ் தருவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மூச்சு விடாமல் குடித்தேன்.

"அதில எத்தனை கரண்டி சீனி போட்டீங்க?" என்று கரண்டியர் கொன்ஸ்டபிளை விசாரிக்கத் தொடங்கினார்.

கதை அதோடு முடியவில்லை. இன்ஸ்பெக்டரின் தாயாருக்கும் இதே வருத்தமாம், அவவுக்கும் கிராமில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களாம். உடனே கணக்கைச் சொல்லுங்கள் என்றார். "அம்மாட கரண்டியைப் பார்க்காமச் சொல்ல ஏலாது, சேர்" என்று கரண்டியர் மறுத்துவிட்டார், பொலிசுக்கே! அடுத்த கிழமை எங்கள் தொடர்மாடி வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. பாதி வீடுகள் யன்னலைச் சாத்தின. இன்ஸ்பெக்டர் இறங்கி, காற்சட்டைப் பையில் இருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனார்.

இரண்டாவது மாத முடிவில் சீனி இருநூற்றுப் பத்து. இறங்கியது, ஆனால் போதாது. இன்னும் ஒரு மாதம் இருந்தது. அப்போதுதான் நான் என் வாழ்நாளின் பெரிய கெட்டித்தனத்தைச் செய்தேன்.

என் ஒன்றுவிட்ட தம்பியின் மகனுக்குக் கலியாணம். வெள்ளவத்தையில் மண்டபம். எங்கள் தொடர்மாடிக்கும் அழைப்பு. பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்த கரண்டியர், பரிமாற வந்தவரைக் கையால் மறித்து, பையிலிருந்து கரண்டியை எடுத்து, என் இலையில் சோற்றை அளந்து வைக்கத் தொடங்கினார். "நாலு... அஞ்சு... இவ்வளவும் போதும் இவருக்கு." சுற்றியிருந்த சொந்தக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பல்லுக் காட்டினார்கள். எனக்குக் காது சிவந்தது.

அவர் கை கழுவ எழும்பிய நேரம் ஒன்றுவிட்ட தம்பி குனிந்து கேட்டான். "ஆர் அண்ணை இது, கரண்டியோட?"

"ஆரோ மேல் மாடி ஆள்" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "கொஞ்சம் கழண்ட கேஸ்" என்றும் சொல்லிச் சிரித்தேன். பிறகு, நான் ஒருவருக்கும் அடங்கின ஆள் இல்லை என்று காட்டுவதற்காகப் பாயாசத்தை வரவழைத்துக் குடித்தேன். ஒன்றல்ல, மூன்று கப். மூன்றாவது கப்பை வைத்துவிட்டுத் திரும்பினால், கரண்டியர் என் கதிரைக்குப் பின்னால் ஈரக் கையோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அப்படியே திரும்பி வெளியே போனார்.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நானே அள்ளி நானே தட்டினேன். என்ன மாயமோ, நான் தனியாக அள்ளும்போது கரண்டி தானாகவே குவிகிறது. நான்காம் நாள் என் கால்கள் என்னைக் கேட்காமல் பேக்கரி வரை போய்விட்டன. ரோல்ஸைக் கையில் வாங்கி, கடிக்காமல் அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது. அதை அங்கிருந்த காகத்துக்குப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

லிப்ட் அன்றைக்கென்று பழுது. ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்க அவர் வாசலில் நின்றேன். "அண்ணை, அண்டைக்கு நான் சொன்னது..."

"எது? கழண்ட கேஸ் எண்டதா? அது சரிதானே ஐசே. ஊரே சொல்லுது." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூண்டு கப் பாயாசம்! கப்புக்கு மூண்டு மேசைக்கரண்டி சீனி. ஒம்பது! எனக்கு அந்த ஒம்பதுதான் ஆறயில்ல."

"மன்னியுங்கோ அண்ணை. எனக்காக நீங்கள் ஏன் இவ்வளவு கஸ்ரப்படவேணும்?"

அவர் மேசையில் கிடந்த போனைத் தள்ளிக் காட்டினார். அதன் முகப்பில் முன்பல் விழுந்த ஒரு பெண் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ட பேத்தி, அவுஸ்திரேலியாவில. ஏழு வயசு. இதுக்குள்ளதான் தெரியும். காலில இரத்தம் கட்டுற வருத்தம் எனக்கு, அவ்வளவு தூரம் பறக்க ஏலாது எண்டுட்டாங்க. எந்தக் கரண்டிக் கணக்காலயும் அதை மாத்த ஏலாது ஐசே. உங்கட வருத்தம் கணக்கில மாறுற வருத்தம். ஒரு ஆளாவது போய்ப் பிள்ளையைத் தூக்கட்டுமே எண்டு பார்த்தா, நீங்க பாயாசம் குடிக்கிறீங்க!"

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் உதறிவிட்டு, "நாளைக்கு ஏழு மணி. கத்தியைக் கழுவி வையுங்க" என்றார்.

அந்தக் கடைசி மாதம் நான் இருந்த மாதிரி எந்த முனிவரும் இருந்திருக்க மாட்டார். பேக்கரி இருக்கும் பக்கத்தால் நடக்காமல் வீதியைக் கடந்து மறுபக்கத்தால் போனேன். களுபோவிலவுக்கு அவரும் கூடவே வந்தார். டாக்டர் அம்மா துண்டைப் பார்த்தார். "நூற்று முப்பத்தெட்டு!" நான் கதிரையை விட்டு எழும்புவதற்கு முன் கரண்டியர் எழும்பி டாக்டர் அம்மாவுக்குக் கை கொடுத்துவிட்டார். "இவர் யார், உங்கள் அண்ணனா?" என்று கேட்டார் டாக்டர். "ஓம்" என்றேன். இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிள்ளை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பாக ரொறன்ரோவில் போய் இறங்கினேன். ஆண்பிள்ளை. தாதி ஒருத்தி துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். மட்டம் தட்டிய கரண்டியைச் சிந்தாமல் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டேன். மனைவி பக்கத்தில் நின்று, "மெல்ல, மெல்ல" என்றாள். நான் போனை அவளிடம் கொடுத்து, கரண்டியருக்கு வீடியோ கோல் எடுக்கச் சொன்னேன்.

கரண்டியரின் நெற்றி மட்டும் திரையில் தெரிந்தது. நான் பகிடியாகக் கேட்டேன். "அண்ணை, மூண்டு கிலோ இருநூறு கிராமாம். எத்தனை கரண்டி வரும், சொல்லுங்கோ பாப்பம்?"

"ச்சீ, வாயை மூடுங்க ஐசே!" என்று உண்மையிலேயே கத்தினார். "பிள்ளையை நிறுக்கவும் கூடாது, அளக்கவும் கூடாது. கண்ணூறு பட்டிடும். கிட்டக் காட்டுங்க."

மனைவியிடமிருந்து போனை வாங்கி, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் போனுமாகப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். வாய் ஓயாத அந்த மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தோள் வலித்தது. மனைவி போனைத் தாங்கோ என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அவர் ஆசை தீரப் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.